ஹவில்தார் முத்தையாவின் காது

காலையில் ஏலக்காய் ஏல மையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றிருந்தபோது போன் வந்தது. "மாமா போயிட்டாரு சார், தூக்கத்துலயே" என்றாள் மலர், முத்தையா அண்ணனின் தங்கை மகள். "சரிம்மா, வர்றேன்" என்றேன். சட்டை மாற்ற வீட்டுக்குப் போனால், மேசைமேல் அவருடைய கோப்பு கிடக்கிறது. இன்னொரு நினைவூட்டுக் கடிதம் எழுதலாமென்று முதல் நாள்தான் எடுத்து வைத்திருந்தேன். முதலில் அலுப்புதான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

போடி முன்னாள் படைவீரர்களில் அவரை அறியாதவர் இல்லை. பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்து, தேவாரத்துப் பக்கம் மலையடிவாரத்தில் மனைவியோடு சோளம் போட்டிருந்தார். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம். சங்கக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் முதல் ஆளாகக் கை தூக்குவார், என்ன தீர்மானம் என்று பிறகு என்னிடம் கேட்பார். நான் படையில் எழுத்தராக இருந்தவன். "ஏப்பா கிளார்க்கு" என்றுதான் கூப்பிடுவார். "துப்பாக்கி பிடிச்சவனைவிடப் பேனா பிடிச்சவனுக்குத்தான்யா எதிரி சாஸ்தி" என்பார்.

காது போனதற்கு ஊன ஓய்வூதியம் கேட்கலாம் என்று அவரைக் கிளப்பிவிட்டவன் நான்தான். மருத்துவக் குழு முன்னால் போனார். காது எப்படிப் போனது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "யானையை விரட்ட வெடி போட்டுப் போட்டே போச்சு சார்" என்று சிரித்திருக்கிறார் இவர். நம் ஆட்களே இப்படித்தான். வலிக்கிறது என்று சொல்ல வெட்கம்; கேட்டால் ஒரு கேலியைச் சொல்லி மழுப்புவோம். டாக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு வயலில் வெடி வைத்ததால் வந்த செவிடு என்று மனு தள்ளுபடியாகி வந்தது. நான் வாசித்துக் காட்டியதும் அவர் முகம் கறுத்துவிட்டது. "காசு கிடக்குது கழுதை. பீரங்கிக்குப் பக்கத்துல நின்ன காதை யானை வெடியில எழுதிட்டாங்களே" என்றார்.

"நீங்க சொன்னதுதானேண்ணே?"

"அந்தாளு மூஞ்சி உம்முன்னு இருந்துச்சு. சிரிக்க வைக்கலாம்னு பார்த்தேன்."

அதன்பின் நாங்கள் எழுதாத அலுவலகம் இல்லை. பணி ஆவணங்களில் காது பற்றி ஒரு வரி கிடையாது. படையிலிருந்து விடுவிக்கும்போது நடந்த பரிசோதனையில், வெரசா ஊர் வந்து சேர வேண்டுமென்று, "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அவர் எல்லையில் இருந்தபோது பீரங்கிக் குண்டு பக்கத்திலேயே வெடித்து, இரண்டு காதிலும் ரத்தம் வந்து ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. அந்த ஆஸ்பத்திரிக்கு எழுதினால், பழைய பதிவேடுகளைத் தேட, எந்த மாதம், எந்த வருடம் என்று தெரிய வேண்டும் என்றார்கள். அவருக்கு நினைவில் இருந்ததெல்லாம் குளிரும் தலையைச் சுற்றிய கட்டும்தான். நான் சலித்துப்போய்க் கோப்பை மூடினேன். அப்போதுதான் சொன்னார்: "தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து வச்சிருந்தாக. அதுக்குத்தான் லீவு கேட்டிருந்தேன். படுத்துட்டேன்."

தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. இவரோ ஆத்தா பயந்துவிடும் என்று, "லீவு கிடைக்கவில்லை" என்று மட்டும் வீட்டுக்கு எழுதியிருக்கிறார். சபை கூடிய பிறகு வேறொருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். புகுந்த வீட்டில் தலைகுனிந்த தங்கை பேச்சியம்மாள், அன்றோடு அண்ணனிடம் பேச்சை விட்டுவிட்டார். அவர் இருப்பது போடிமெட்டில். காதுகுத்து எந்த மாதம் என்று தங்கையிடமே கேட்டுவிடலாம் என்றேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்க?" என்ற அண்ணனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். தோட்ட வேலைக்குப் போகிறவர்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் காது அடைத்தது. "உனக்கு அடைக்கும். எனக்கு இனி என்னத்த அடைக்க?" என்றார்.

பேச்சியம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "ஆஸ்பத்திரியா? லீவு கிடைக்கலேன்னுல்ல எழுதியிருந்துச்சு? ஏண்ணே இம்புட்டு வருசமா சொல்லல?" என்றார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவருடைய இடது காதில் நான் கத்த வேண்டியிருந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. "நீதான் பேசவே இல்லையே ஆத்தா, யார்கிட்டச் சொல்ல?" என்றார் அவர். அந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வைகாசி மாசம் சார். மலர் பொறந்து மூணாவது வருசம். மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு பஸ்சு ஓடல. அதனாலதான் வரலையோன்னு, காயிதம் வர்ற வரைக்கும் நானும் நாலு நாளு வழி பார்த்தேன். அது எனக்கு மறக்குமா?"

அந்த மாதத்தைக் குறிப்பிட்டு எழுதினோம். பல மாதம் கழித்துப் பதிவேட்டின் நகல் வந்தது: குண்டுவெடிப்பு, இரு செவிப்பறையும் கிழிந்தன. திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மேல்முறையீடு போட்டோம். மறுபடியும் மருத்துவக் குழு கூடும் என்றார்கள். தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. "கிளார்க்கு, இந்தத் தடவை சிரிக்காமச் சொல்றேன், பாரு. எல்லையில குண்டு வெடிச்சுக் காது போச்சு சார்" என்று என் முன்னால் நின்று விறைப்பாக ஒத்திகை பார்ப்பார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அந்தத் தேதி வரவே இல்லை.

அன்று உடலை எடுக்கும் நேரத்தில் ஊர்ப் பையன்கள் வழக்கம்போலச் சரவெடியை விரித்தார்கள். பேச்சியம்மாள் எழுந்து வந்தார். "வெடி வேண்டாம்ப்பா. எங்கண்ணன் காதுக்கு வெடிச்சது போதும்." பையன்கள் சுருட்டி எடுத்துக்கொண்டார்கள். வெடிச் சத்தம் இல்லாமல் கொண்டுபோனோம்.

இனி கோப்பு அவர் மனைவி பெயரில் நடக்க வேண்டும். எனக்கு ரொம்பவே அலுத்துவிட்டது, உங்களிடம் மறைப்பதற்கு என்ன? ஆனாலும் எழுதுவேன். அவரோடு பேசிய பழக்கத்தில், யாரோடு பேசினாலும் அவர்களுடைய இடது பக்கமாகப் போய் உட்கார்ந்து கத்துகிறேன். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த உரத்த குரல். மருத்துவக் குழுவின் முன்னால் சிரிக்காமல் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியமும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.