சாவி இருந்தவன்

தாராவித் தோல் கிடங்கின் ஈரச் சாம்பலில் எங்கள் சர்வேயர் மண்டியிட்டுப் பலகைகளை முகர்ந்துகொண்டிருந்தபோது, வாசலில் ஒரு மனிதனை அடித்துக்கொண்டிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் அது. பம்பாய் மாட்டுங்காவில் அவர் ஆபீசில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். தீ தானாகப் பற்றியதா, யாராவது வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கண்டறிந்து சொல்வது அவர் தொழில்.

அடிபட்டவன் அங்கே வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி. கிடங்கோடு தங்கள் பிழைப்பும் எரிந்துபோன ஆத்திரத்தில் அவனைத் தூணில் கட்டியிருந்தார்கள். "இவந்தாம்ல கொளுத்துனான்! கைய ஒடிங்கலே!" என்ற கூச்சல் உள்ளே கேட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இரண்டு போலீஸ்காரர்களால் கூட்டத்தை விலக்க முடியவில்லை.

சர்வேயர் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் தேடுவதை விடவில்லை. தரைப்பலகைகள் மிக ஆழமாகக் கருகிய இடங்கள் இரண்டு. கிடங்கின் இரு கோடிகளில், நடுவே தொடர்பில்லாமல். தானாகப் பிடிக்கும் தீ அப்படி இரண்டு இடத்தில் பிறக்காது. பலகையைப் பெயர்த்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. கதவு எரிந்து விழுந்த இடத்தில் பூட்டு கிடைத்தது, உடைபடாமல், பூட்டியபடியே.

வெளியே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஓடிப்போய்த் தொழிலாளியின் குறுக்கே நின்றார். "இவனை விடுங்கோ! பூட்டை யாரும் உடைக்கலை. சாவி இருந்தவன்தான் உள்ளே போய் எண்ணெய் ஊத்திப் பத்தவெச்சிருக்கான்!"

அடி நின்றது. ஒரு நொடிதான்.

"சாவி வாட்ச்மேன்கிட்டதான் இருக்கும்!" என்றார் முதலாளி.

வாட்ச்மேன் கிழவர் கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தார். ஓடக்கூட இல்லை. "யய்யா, நான் இல்ல யய்யா" என்று இரு கைகளையும் உயர்த்தினார். இரும்புக் கம்பி முதலில் அந்தக் கைகளில் விழுந்தது, பிறகு தலையில். "நிறுத்துங்கோ, யாருன்னு இன்னும் தெரியலை!" என்று கத்தியபடி புகுந்த சர்வேயரையும் கீழே தள்ளி மிதித்தார்கள். கிழவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

நெஞ்சில் கட்டுப் போட்டுக்கொண்டு சர்வேயர் மறுபடி அங்கே போனார். சாம்பலைச் சலித்தபோது எரிந்த தோலின் மிச்சம் மிகக் குறைவாக இருந்தது. நல்ல சரக்கெல்லாம் தீக்கு முன்பே வடாலாவில் வேறொரு கிடங்குக்குப் போயிருந்தது. இன்னொரு சாவி முதலாளியிடம் இருந்தது. அவருக்குச் சிறை கிடைத்தது.

அதன்பிறகு எரிந்த எந்த இடத்திலும் சர்வேயர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. கை சரியாக வளையாத அந்தத் தொழிலாளி ஒவ்வொரு தீபாவளிக்கும் இனிப்பு வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு நன்றி சொல்ல வருவான். படியில் அவன் குரல் கேட்டதும் அவர் என்னிடம் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவார்.

"நான் இல்லேன்னு சொல்லிடும்மா."