பணிப்பாளர் அனுப்பாத மெயில்

அனுப்பியவன் தன் பெட்டியில் அழித்துவிட்டால், பெற்றவனுடைய பெட்டியிலிருந்தும் மின்னஞ்சல் மறைந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். இத்தனைக்கும், கணினியில் எது கோளாறென்றாலும் அலுவலகம் முழுக்க என்னைத்தான் கூப்பிடும். அந்தத் தாள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது: ஊதா மையில் சற்றுச் சரிந்து விழுந்த வட்ட முத்திரை, அதன் கீழே அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் ஐயாவின் கையொப்பம், இரண்டுக்கும் மேலே நான் எழுதிய பொய்.

போர் மறுபடி மூண்ட காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு சிறிய நிவாரண அலுவலகத்தில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்தேன். கொழும்பிலிருந்து வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் ஐயா அச்செடுத்து, ‘கிடைக்கப்பெற்றது’ என்று முத்திரை குத்திக் கோப்பில் போடுவார். முத்திரை விழும்வரை அது வெறும் கதை, விழுந்தபின் கட்டளை. முத்திரையில்லாத கடிதத்தோடு எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாத ஊரில் மனிதருக்கு வேறென்ன புத்தி வரும்? ஆனால் கடிதம் வந்துவிட்டது என்பதற்குத்தான் முத்திரை இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்பதைச் சோதிக்க எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அனுப்புநர் இடத்தில் யாருடைய பெயரையும் முகவரியையும் எழுதலாம் என்பதை ஒரு புதன்கிழமை கண்டுபிடித்தேன். என் சொந்தக் கணக்கின் அமைப்பில் கொழும்புத் தலைமையகப் பணிப்பாளரின் பெயரையும் முகவரியையும் போட்டேன். நன்கொடையாளர் குழு வருகிறது, அவர்கள் போகும்வரை எவருக்கும் லீவு இல்லை, ஆண்கள் டை கட்டியிருக்க வேண்டும் என்று ஐயாவுக்கு எழுதினேன். ஐயாவை டையோடு பார்த்துச் சிரிக்கத்தான் முழுக் கடிதமும். லீவு வரியை, கடிதம் மெய்போலத் தோன்றட்டும் என்று சேர்த்தேன்.

வியாழன் காலை ஐயா டை கட்டிக்கொண்டே வந்தார். யாரோ மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய சிவப்பு டை, தொப்புளுக்கு ஒரு சாண் மேலே முடிந்துவிட்டது. நான் களஞ்சியத்துக்குள் ஓடி, கோதுமை மா மூட்டையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். மூக்கெல்லாம் மாவோடு வெளியே வந்தபோது ஐயாவின் மேசைக்கு முன்னால் எங்கள் அலுவலக வாகனம் ஓட்டும் டிரைவர் அண்ணை நின்றார். அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் குடாவுக்கு அப்பால், மூதூருக்கும் தெற்கே ஈச்சிலம்பற்றில் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியிருந்தது. மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகில் போய் அவர்களைக் கூட்டிவர வேண்டும். லீவுக் கடிதத்தில் முத்திரை இல்லாவிட்டால் இறங்குதுறையில் கடற்படை விடாது.

“ரெண்டு நாள் தாங்கோ ஐயா. மத்தியான லாஞ்சப் பிடிச்சா பின்னேரம் போய்ச் சேந்திடுவன்.”

“ஏலாது தம்பி. பணிப்பாளர் மெயில் போட்டிருக்கிறார். சீலும் குத்தியாச்சு.”

“பிள்ளையள் பங்கருக்குள்ள கிடக்குதுகள், ஐயா.”

“எனக்கு விளங்காமலே? இந்த வயசில நானே டை கட்டிக்கொண்டு நிக்கிறன், பாக்கிறீர்தானே.”

உண்மையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நானோ கணினிக்கு ஓடினேன். ஓடிய வேகத்தில் மவுஸைத் தட்டிக் கீழே விழுத்தினேன். அனுப்பியவை பெட்டியில் அழித்தேன். குப்பைப் பெட்டியிலும் அழித்தேன். துப்பறிபவர்கள் வந்தால் விரல் ரேகை அகப்படும் என்று விசைப்பலகையைக் கைலேஞ்சியால் துடைத்தேன். பிறகு ஐயாவின் திரையை எட்டிப் பார்த்தேன். மெயில் அங்கேயே இருந்தது.

டிரைவர் அண்ணை வாகனத்தில் சாய்ந்துகொண்டு நின்றார். “ஒரு நாள்தானே அண்ணை. நாளைக்கு நான் ஐயாவோட கதைச்சு லீவு எடுத்துத் தாறன்” என்றேன்.

“நீர் சொன்னா ஐயா கேப்பார், தம்பி” என்றார் அவர். என் மூக்கில் மா ஒட்டியிருப்பதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை லாஞ்சு ஓடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிறகு அந்தப் பாதையே மூடப்பட்டது.

சில வாரங்களின் பின் பணிப்பாளர் வந்தார். “உங்கட மெயிலாலதான் சேர் நான் போகேல்ல” என்று டிரைவர் அண்ணை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அப்படி எதுவும் அனுப்பவில்லை என்றார் பணிப்பாளர். ஐயா கோப்பைத் திறந்து முத்திரையைக் காட்டினார். “அனுப்பிப்போட்டு இப்ப இல்லையெண்டுறார்” என்று டிரைவர் அண்ணை என்னிடம்தான் வந்து சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் எவையெவை என்று ஒரு பட்டியல் உலகம் பார்க்க வெளியிடப்படும், மெயில் வந்து சேரும் இடத்தில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள், பொருந்தாதது குப்பைக்குப் போகும் என்று விளக்கினார். வழியில் ஒரு சொல் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் மறைகையொப்பமும் பின்னர் வரும் என்றார். இந்த ஏற்பாட்டை வாசலில் பெயர்ப் பட்டியலோடு நிற்கும் காவலாளி என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

“அப்ப முன்னம் வந்ததுகள்?” என்று கேட்டார் ஐயா.

“முன்னம் வந்தது வந்ததுதான்.”

பணிப்பாளரின் மெயில் கொழும்பிலிருந்து புறப்படவில்லை என்பதை அவர் அதன் மறைந்த தலைப்பு வரிகளிலேயே காட்டினார். அது புறப்பட்டது எவரும் காசு கொடுக்காமல் கணக்குத் திறக்கக்கூடிய ஒரு சேவையிலிருந்து. அனுப்பியவர் யார் என்று சொல்ல முடியாது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இன்று வங்கி பெயரிலும் அமைச்சர் பெயரிலும் எனக்கு வரும் போலிகளில் பெரும்பாலானவை தாமாகவே குப்பைப் பிரிவில் விழுந்துவிடுகின்றன. அன்று அந்தக் காவல் இருந்திருந்தால் என் மெயிலும் அங்கேதான் விழுந்திருக்கும். ஐயா டை கட்டாமல் வந்திருப்பார்.

டிரைவர் அண்ணையின் மனைவியும் மூத்த மகளும், வாகரைப் பக்கம் தப்பி நடந்து போன சனத்தோடு போகையில் ஷெல் பட்டுச் செத்தார்கள். இளையவள் பிழைத்தாள். அந்த மெயிலை அனுப்பியவன் நான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.