வேண்டாம் சொன்ன சபாநாயகர்

நம்ம சபாநாயகருக்கு முதல் எதிரி அவர் வாய்தான். பசி வயிற்றைக் கிள்ளும். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "ஐயோ, வேண்டாங்க" என்பார். நாலு தரம் கெஞ்சினால்தான் தட்டில் கை வைப்பார். பிறந்த வீட்டில் கற்றுக்கொண்ட மரியாதை அப்படி. பிழைக்க வந்த நாட்டிலோ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வந்த புதிதில் ஒரு வீட்டில் அப்படிச் சொல்லப்போய், சட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மனுஷன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

பஸ் ஓட்டினார். உள்ளே யாராவது சண்டை போட்டால் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். "முடிச்சிட்டுச் சொல்லுங்க, கிளம்பலாம்." வேலைக்கு நேரமானவர்களே சண்டைக்காரர்களை அடக்கிவிடுவார்கள். இந்த வித்தையாலேயே பஸ் தொழிலாளர் சங்கத் தலைவரானார், அப்புறம் எம்.பி.யும் ஆனார். நடுவில் டிப்போ மேனேஜர் பதவி தேடி வந்தது. "எனக்கெதுக்குங்க" என்றார். அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் மனைவி போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

சபாநாயகர் நாற்காலி மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. தேர்வு நாளன்று மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்தபடி எச்சரித்தாள். "இன்னைக்கு மட்டும் வேண்டாம்னு சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அதில்லம்மா, இங்க சபாநாயகரா ஆகுறவர் கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். ரெண்டு பேர் இழுத்துட்டுப் போய் உட்கார வைப்பாங்க. அதுதான் சபை வழக்கம்."

"கொஞ்சம்தானே?"

"கொஞ்சமே கொஞ்சம்."

எங்கே! சபையில் அவர் பெயரை அறிவித்து, இரண்டு எம்.பி.க்கள் வந்து கையைப் பிடித்ததுமே பிறவிக் குணம் தலைதூக்கிவிட்டது. "ஐயையோ, எனக்கெல்லாம் தகுதியில்லைங்க! பெரியவங்க எத்தனை பேர் இருக்காங்க!" மேஜைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வேறு. உள்ளுக்குள் மனசோ, இன்னும் ஒரு இழு இழுங்கப்பா என்று அடித்துக்கொண்டது. இழுத்த இருவரும் நாகரிகம் தெரிந்தவர்கள், பாவம், பயந்து கையை விட்டுவிட்டார்கள்.

"இவருக்கு நிஜமாவே இஷ்டமில்லை போல. கட்டாயப்படுத்தக் கூடாது."

எதிர்க்கட்சி வழுக்கைத்தலையர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்படின்னா நான் தயார்."

நம்மாள் மேஜைக் காலை விட்டுவிட்டு எழுந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தார். "நல்லதுங்க, அவரே இருக்கட்டும்" என்றது அந்தப் பாழாய்ப்போன வாய்.

மேலே பார்வையாளர் மாடத்தில் மனைவி எழுந்துவிட்டாள். "பொய்! அவருக்கு வேணும்! ஒரு வாரமா குளிக்கிற ரூம்ல 'அமைதி, அமைதி'ன்னு சொல்லிப் பார்க்கிற மனுஷன் அது! இழுத்து உட்கார வைங்கய்யா!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தபடியே அவரை இழுத்து உட்கார வைத்தார்கள். வழுக்கைத்தலையருக்கோ மூக்கு சிவந்துவிட்டது. "மாடத்துல இருக்கிறவங்க பேசக் கூடாது! அந்தம்மாவை வெளியேத்துங்க!" அந்தப் பக்கம் கத்த, இந்தப் பக்கம் கத்த, சபை சந்தைக்கடை ஆனது.

புது சபாநாயகர் மைக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "முடிச்சிட்டுச் சொல்லுங்க."

மெல்ல மெல்ல அடங்கியது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் மேலே பார்த்தார்.

"சபை விதின்னா விதிதான். அந்தம்மா வெளிய போகணும்."

மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசல் காவலர் நெளிந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா."

"எதுக்கு மன்னிப்பு? கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இன்னைக்குத்தான் இழுக்காம, மென்னு முழுங்காம ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை. அப்புறம் சபைப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"வீட்டுக்கு வரட்டும். சாப்பிடுறீங்களான்னு ஒரே ஒரு தடவைதான் கேப்பேன்."