ஒன்பதாவது எச்சரிக்கை

அலுவலகத்தில் அவருக்குச் சமாதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம். பத்தொன்பது வருடமாகக் காதில் போனை மாட்டிக்கொண்டு, கத்துகிறவர்களையும் அழுகிறவர்களையும் சமாதானப்படுத்துவதே பிழைப்பாகிப்போன மனிதரை வேறென்னவென்று கூப்பிடுவார்கள்?

அந்த நிறுவனம் தையல் கடைகளுக்கென்று ஒரு மென்பொருள் செய்து விற்றது. வாடிக்கையாளரின் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாம் அதில் ஏறிவிடும். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம். நானூற்றுச் சொச்சம் கடைகள் வாங்கியிருந்தன. நல்ல மென்பொருள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வரும் பாருங்கள், அப்போது பிடிக்கும் சனி.

புதிய பதிப்பு ஏறும்போது திரையில் வரிசையாகப் பதினொரு எச்சரிக்கைகள் எழும். ‘இச்செயலை மீட்க இயலாது. தொடராமல் இருக்கவா?’ என்று கேட்டு, கீழே ஆம், இல்லை, ரத்து என்று மூன்று பொத்தான்கள். ஆம் என்றால் தொடருமா, நிற்குமா? எழுதியவனுக்கே வெளிச்சம். ஒரு கடைக்காரர் ‘அபாயகரமான மாற்றம்’ என்று படித்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, தையல்காரர்கள் ஆறு பேரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுப் போன் பண்ணினார்.

“சார், நாங்க எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டோம். இனி என்ன பண்ணணும்?”

சமாதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அது அன்றைக்கு அறுபத்து மூன்றாவது அழைப்பு.

யார் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும். “எதையாவது அமுக்கியிருப்பீங்க. பரவால்ல விடுங்க, பாத்துக்கலாம்.” தப்பை எதிராளியின் தலையில் வைத்து, அதை உடனே மன்னித்தும் விட்டால், கத்த வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அனுபவம் கற்றுக்கொடுத்த வித்தை அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தத் தெருக்கதைக்கு மறுநாள் அவர் மேனேஜரிடம் போய், அடுத்த பதிப்பில் எச்சரிக்கைகளை மறைத்துவிடலாம், எல்லாவற்றுக்கும் மென்பொருளே ‘ஆம்’ என்று சொல்லிக்கொள்ளட்டும் என்றார். மேனேஜருக்குப் பரம சந்தோஷம். மறைக்க வேண்டியவற்றின் பட்டியலைச் சமாதானமே எழுதிக்கொடுத்தார். “எல்லாத்தையுமா சார்?” என்று நிரல் எழுதும் பெண் கேட்டாள்.

ஒன்பதாவது எச்சரிக்கையை அவர் படித்திருந்தார். ‘குறிப்புக் கட்டத்தில் நூறு எழுத்துக்கு மேல் உள்ளவை இனி வெட்டப்படும். முதலில் நகல் எடுத்துக்கொள்ளவும்.’ தையல் கடையில் யார் நூறு எழுத்துக்கு மேல் எழுதுவார்கள் என்று நினைத்தார். ஒரே ஒருத்தி எழுதுவாள் என்பதும் அப்போதே மனதில் வந்தது. வரவே இல்லை என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தரம் ஏமாற்றிப் பார்த்தார், வந்தது, அவ்வளவுதான். ஆனால் மணி ஒன்றரை ஆகியிருந்தது, பசி. “எல்லாத்தையும்” என்றார்.

அந்த ஒருத்தி ஒரு தையல்காரம்மா. அறுபதைத் தாண்டியவர். முதுகு வளைந்தவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள் என்று, ரெடிமேட் துணி பொருந்தாதவர்களுக்கென்றே தைப்பவர். ஒருமுறை அவருடைய திரையைத் தன் மேஜையிலிருந்தே திறந்து சரிசெய்தபோது சமாதானம் அந்தக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு கடிதம் நீளம்.

அந்தப் பதிப்பு ஏறியது. அறுபது அழைப்புகள் பத்தாகக் குறைந்தன. சமாதானத்துக்குத் தலை சாய்க்கும் வசதியோடு ஒரு புது நாற்காலி கிடைத்தது. இரண்டாம் வாரம் தையல்காரம்மா பேசினார்.

“தம்பி, நான் எழுதி வெச்சதெல்லாம் பாதிப் பாதியா நிக்குது.”

“எதையாவது அமுக்கியிருப்பீங்கம்மா. பரவால்ல விடுங்க.” வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“நான் எதையும் அமுக்கின மாதிரி ஞாபகம் இல்லையே.” பிறகு அவராகவே, “சரி தம்பி, அமுக்கியிருப்பேன் போல.”

போனை வைத்த பிறகுதான் தையல்காரம்மாவின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள், எல்லாம் நூறாவது எழுத்தில் துண்டாகி நின்றன. பழைய நகல் எதுவும் இல்லை. உடனே கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றார், திங்கட்கிழமை என்றார், அந்தம்மாவே மறந்திருப்பார் என்றார். அவருடைய மனைவி, “என்னங்க, சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க, வாயில போடுங்க” என்று எத்தனை நாள் சொல்லியிருப்பாள்! மூன்று மாதம் அப்படியே ஓடியது.

பிறகு ஒருநாள் வேறொரு குரல் பேசியது. தையல்காரம்மாவின் மகள். “சார், எங்க கணக்கை மூடிடுங்க. அம்மா கடையை விடப் போறாங்க.”

“ஏம்மா?”

“மறதி வந்துடுச்சு சார். அவங்களே எதையோ அமுக்கி எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க. எப்ப அமுக்கினாங்கன்னே ஞாபகம் இல்லையாம். டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறார், அவங்கதான் நம்ப மாட்டேங்கறாங்க. நாள் பூரா பயந்துக்கிட்டே உக்காந்திருக்காங்க.”

ஒரு பாவமும் அறியாத மனுஷியின் புத்தியையே சமாதானம் சந்தேகப்பட வைத்துவிட்டார், அதுவும் ‘பரவால்ல’ என்று பெரிய மனது பண்ணி!

நடந்ததை எல்லாம் எழுதி, ஒன்பதாவது எச்சரிக்கை திரும்ப வர வேண்டும், எல்லாருக்கும் புரிகிற மாதிரி வர வேண்டும் என்று மேனேஜருக்கு அனுப்பினார். நாற்காலி போனால் போகட்டும். சனிக்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அந்தக் கடைக்குப் போனார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள அறை. வெட்டும் மேஜை, சாக்குக்கட்டித் தூள், ஓரத்தில் துணி போட்டு மூடிய கணினி. கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். சுவரில் காகிதங்கள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, அதன் கீழ் தையல்காரம்மாவின் கையெழுத்தில்: ‘நேற்று இரவு சாப்பிட்டது. மகளின் பிறந்தநாள். கடைச்சாவி எங்கே. என் முழுப் பெயர்.’ தினம் காலையில் எழுதித் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருக்கிறார். எண்பது காகிதமாவது இருக்கும்.

சமாதானம் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பட்டியல், ஒன்பதாவது வரி, பசி, அந்தப் போன், மூன்று மாதம், எல்லாம்.

தையல்காரம்மா ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். “அப்போ நான் எதையும் அமுக்கலையா?”

“இல்லம்மா. அமுக்கினது நான்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சிரிப்பைச் சமாதானத்தால் தாங்க முடியவில்லை. பிறகு சிரிப்பு நின்றது.

“பாவி! என் பேரையே எழுதிப் பாத்துக்கிட்டு இருந்தேன்யா” என்றார். மகளுக்குப் போன் போட்டுச் சமாதானத்தின் கையில் திணித்தார். “இவகிட்டயும் சொல்லு. முதல்லேருந்து சொல்லு.”

சொன்னார். மகள் முழுக்கக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

தையல்காரம்மா கணினியின் மேல் இருந்த துணியை எடுத்தார். “உக்காரு. நான் சொல்றேன், நீ அடி.”

பாதியில் நின்ற குறிப்பை அவர் படிப்பார். மீதியை மனதிலிருந்து சொல்வார். “இடது தோள் ஒண்ணேகால் இஞ்ச் இறக்கம், உள்ள பட்டை வைக்கணும்... எழுதிக்கோ, அளவு எடுக்கும்போது கண்ணாடியத் திருப்பிடணும், அந்தப் பொண்ணு பாக்க விரும்பாது.” ஒன்று, பத்து, நாற்பது. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. எல்லாம் அந்தத் தலைக்குள் பத்திரமாக இருந்தது. இருக்கிறது என்று நம்பத்தான் அவருக்குத் தைரியம் இல்லாமல் போயிருந்தது. சமாதானத்துக்கு எழுத்துக்கள் கலங்கிக் கலங்கித் தெரிந்தன, துடைத்துக்கொண்டு அடித்தார்.

எழுபத்து மூன்றாவதில் தையல்காரம்மா நிறுத்தினார். செயற்கைக் கால் போட்ட ஒரு பெரியவர். ‘கால்சட்டையின் வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே’ என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. தையல்காரம்மா கண்ணை மூடினார், திறந்தார், திரும்பவும் மூடினார்.

“வரலையே தம்பி.”

சமாதானம் விசைகளின் மேல் கையை வைத்தபடியே இருந்தார்.

“இது வயசுல மறந்ததா,” என்று அவர் மெல்லக் கேட்டார், “இல்ல, மூணு மாசமா என்னை நானே நம்பாம இருந்ததுல போச்சா?”

சமாதானம் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்ததைத் திறந்தார்.