இருபத்தைந்து நிமிடம் அசையாமல் படுக்கப் புனேவுக்குப் போனேன்

கோவையில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரியில் எறிபந்து சொல்லிக்கொடுக்கும்போது வலது தோளில் சுரீரென்று ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினார். "தசைநார் முழுசா அறுந்திருந்தா ஆபரேஷன், பாதின்னா பயிற்சி. தள்ளிப்போட்டா தசை சுருங்கிடும், அப்புறம் தைச்சாலும் கை பழையபடி வராது. ஸ்கேன் பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அந்தக் குழாய்க்குள் படுக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். முதல் முறை மூன்று நிமிடம். அடுத்த முறை ஒரு நிமிடம்கூட இல்லை. மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். உயரம் தாண்டப் பயப்படும் பிள்ளைகளை "என்ன பயம், ஓடு" என்று விரட்டுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கத்தில் வீட்டில் கணவரிடம், இயந்திரம் பழுது என்று சொல்லிவிட்டேன்.

மே விடுமுறையில் புனே போனது இதற்காகத்தான். கல்லூரி விடுதித் தோழி மாலா அங்கே ஔந்த் பகுதியில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. அவள் தெருவுக்கு அருகே மன அழுத்தத்துக்கு ஐந்து நாள் யோகா, மூச்சுப் பயிற்சி வகுப்பு நடப்பதாக எப்போதோ சொல்லியிருந்தாள். கூடவே மசாஜும் எடுத்துக்கொண்டு, ஆறாம் நாள் அங்கேயே ஸ்கேனை முடித்துவிடலாம் என்று திட்டம். அந்த ஊரில் என்னை யாருக்கும் தெரியாது என்பது கூடுதல் வசதி. மாலாவிடம்கூட, சுற்றிப் பார்க்க வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

கோவையில் சனிக்கிழமை காலை 8.50க்கு ரயில். மூன்றாம் வகுப்பு ஏ.சி., 1,760 ரூபாய். மறுநாள் மதியம் 12.20க்குப் புனே. தோள்வலிக்காரர்கள் கீழ் படுக்கை கேட்டு வாங்குங்கள். எனக்கு நடுப் படுக்கை கிடைத்து, ஒற்றைக் கையால் ஏறி இறங்கிய கதையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். ஸ்டேஷனிலிருந்து ஔந்த் பத்து கிலோமீட்டர். வெளியே நின்ற ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். மீட்டர் போடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னதும் சிரித்துவிட்டுப் போட்டார். 182 ரூபாய் ஆனது.

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 7.45 வரை வகுப்பு. ஐந்து நாளுக்கு 2,500 ரூபாய். மாலாவின் வீட்டிலிருந்து 900 மீட்டர், நடந்தே போகலாம். மே மாதம் என்றாலும் அந்த நேரத்தில் காற்று இதமாக இருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆசிரியர் குல்கர்ணி, ஆகுர்டியில் மோட்டார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். பேச்சு இந்தியும் ஆங்கிலமும் கலந்து வரும். முதல் நாள் ஒவ்வொருவரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். நான் "ஸ்ட்ரெஸ்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆசனங்கள் எளியவை. தோளுக்காகச் சிலவற்றை எனக்கு மட்டும் விலக்கினார். முக்கியமானது மூச்சு. மல்லாந்து படுத்து, நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. முதலில் வயிறு, பிறகு விலா, கடைசியில் கழுத்தெலும்பு வரை நிரம்ப வேண்டும். அது நிரம்புகிறதா என்று பார்க்க ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம் கொண்டுவந்து மார்பின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு இழுத்தால் பொட்டலம் எழும்ப வேண்டும். பதினோரு பேரில் என் பொட்டலம்தான் அதிக உயரம் எழும்பியது. குல்கர்ணி மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விளையாட்டு ஆசிரியை அல்லவா, போட்டி என்று வந்துவிட்டால் விடமாட்டேன். மாலை மாலாவின் வீட்டிலும் தரையில் படுத்துப் பழகினேன். புதன்கிழமைக்குள் படபடப்பு வரும்போதெல்லாம் பத்து மூச்சில் அடக்க முடிந்தது. லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏழாவது மாடி வரை போய் வந்தேன். எனக்கு அது பெரிய விஷயம்.

மசாஜுக்குச் செவ்வாயும் வியாழனும் கட்கி பஜாருக்குப் போனேன். ஔந்திலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 98 ரூபாய், ஒரு மணி நேரம் 900 ரூபாய். அங்கே செல்வி அக்கா என்பவர் பெண்களுக்கு மட்டும் மசாஜ் செய்கிறார். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். நான் வலது தோளைக் காட்டியதும் கையை எடுத்துவிட்டார்.

"இத நான் தொட மாட்டேம்மா. ஸ்கேன் எடுத்தியா?"

"எடுக்கணும்."

"இன்னாமா நீ, கை தூக்க முடியல, மாலிஷ் பண்ணா சரியாப்பூடும்னு வந்துட்டியா? உள்ள அறுந்துருந்தா நான் அமுக்கி பாக்கியையும் அறுத்துருவேன். கழுத்து, முதுகு, காலு, இது போதும் உனக்கு. ஆராம்ஸே, நிம்மதியா படு."

இளஞ்சூட்டு நல்லெண்ணெய், அவ்வளவுதான். பூ வாசம், பாட்டு, மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. பாதி நேரம் டீக்கடைச் சத்தம் கேட்டது. ஆனால் கழுத்தடியில் நான் கல் என்று நினைத்திருந்த இடம் சதைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றிரவு விடியும் வரை தூங்கினேன்.

சனிக்கிழமை காலை 10.15க்கு ஸ்கேன், கேம்ப் பகுதியில். 6,500 ரூபாய், முன்பதிவு கட்டாயம். தனியாகப் போக நினைத்தேன். மாலாவுக்கு விடுமுறை, எங்கே போகிறாய், நானும் வருகிறேன் என்று பிடித்துக்கொண்டாள். காரில் போகும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். பல்கலைக்கழகச் சந்திப்பு சிக்னலில் வண்டியை நிறுத்தியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, ரெண்டு தடவ ஓடி வந்துட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அதான் இப்ப சரியாயிடுச்சே" என்றேன்.

உண்மையிலேயே சரியாகிவிட்டது என்றுதான் நம்பினேன். உள்ளே தள்ளினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். நாலு உள்ளே, ஆறு வெளியே. இயந்திரம் தடதடவென்று இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு நிமிடம் போயிருக்கும். சத்தம் நின்று, இயக்கும் பெண்ணின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மேடம், நீங்கள் நீளமாக மூச்சு விடுகிறீர்கள், தோள் ஏறி ஏறி இறங்குகிறது, படம் எல்லாம் கலங்கிவிட்டது. மூச்சைச் சின்னதாக விடுங்கள், முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னாள்.

ஐந்து நாள் எதைப் பிடித்துத் தொங்கினேனோ அதையே விடச் சொன்னாள். சின்ன மூச்சு மூன்று விட்டதும் பழைய படபடப்பு அப்படியே வந்து உட்கார்ந்தது. வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். மேசையில் உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவசரப்படுத்தவில்லை. மயக்க ஊசி போட்டு எடுக்கலாம், அதற்குப் புதன்கிழமை வர வேண்டும் என்றாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். பிறகு, உங்களோடு வந்தவர் உள்ளே உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்ளலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றாள். கோவையில் யாரும் இதைச் சொல்லவில்லை. நான் துணைக்கு யாரையும் அழைத்துப் போகவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை.

மாலா படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வளையல், தோடு, கடிகாரம் எல்லாவற்றையும் தட்டில் வைத்தாள். தாலிச் சங்கிலியிடம் கை நின்றது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம், ஒருநாளும் வெறுங்கழுத்தாக இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். பிரசவத்தின்போதுகூட மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டுதான் சங்கிலியைக் கழற்றினாள். இங்கே மஞ்சளுக்கு எங்கே போவது. உதவியாளர் அம்மாவிடம் கட்டுப்போடும் துணியில் ஒரு இழை வாங்கிக் கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"எங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிராத" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு கைதான் தூக்க முடியும் என்பதால் பேசாமல் படுத்தேன்.

அன்று இரண்டாவது முறை உள்ளே போனபோது பயம் முழு நேரமும் இருந்தது. அது எங்கும் போகவில்லை. சின்ன மூச்சாக விட்டுக்கொண்டு அதோடேயே படுத்திருந்தேன். என் இடது கணுக்காலை மாலா பிடித்திருந்தாள், அது மட்டும் தெரிந்தது. இருபத்து நான்கு நிமிடம். வெளியே இழுத்தபோது என் காலில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்திருந்தன. என்னைவிட அவள் பயந்திருக்கிறாள்.

மாலை ஆறு மணிக்கு முடிவு வந்தது. பாதிக் கிழிசல். கோவை மருத்துவருக்கு அனுப்பினேன். ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் பந்து எறியக் கூடாது, பிறகு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார். ஊருக்குக் கிளம்பும் முன் குல்கர்ணியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். ஸ்கேனுக்காக என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அசைவில்லாத மூச்சுதானே சொல்லிக்கொடுத்திருப்பேன், பருப்புப் பொட்டலத்தை ஆடாமல் வைத்துக்கொள்வதும் ஒரு பயிற்சிதான் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: ரயில், வழிச் சாப்பாடு, ஆட்டோ, வகுப்பு, மசாஜ், ஸ்கேன் எல்லாம் சேர்த்து எனக்கு 15,400 ரூபாய் ஆனது, தங்கல் செலவு இல்லை. மசாஜ் தூக்கத்தைத் தரும், மூச்சுப் பயிற்சி லிஃப்ட் வரை, ஏன் ஸ்கேன் அறை வாசல் வரை கொண்டுபோகும். இரண்டையும் நான் இன்னும் விடவில்லை. ஆனால் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிற ஆசிரியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அடிபட்ட இடத்தில் கை வைக்க மறுக்கிற மசாஜ்காரரை நம்பலாம். ஸ்கேன் மையத்தில் துணை உள்ளே வரலாமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். துணைக்கு வருகிறவர் உடம்பில் பேஸ்மேக்கர், உலோகத் தகடு இருந்தால் வர முடியாது. படபடப்பு அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போவதே சரி.

ஆகஸ்டில் கோவையில், அதே மையத்தில், ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இயந்திரம் பழுதே ஆகவில்லை என்பதையும் மாலா உள்ளே வந்து உட்கார்ந்ததையும் இந்த வாரம்தான் கணவரிடம் சொன்னேன். இதற்கா புனே வரை போனாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் ஆகஸ்ட் தேதியைக் கேட்டுக் காலண்டரில் குறித்தார்.

"நான் உள்ள வந்து உக்காந்துக்கலாமா?" என்றார்.

உட்காரலாம் என்றேன்.