எண்ணெய் தேய்த்த சனிக்கிழமைகள்

என் வீட்டுக்காரருக்கு முதன்முதலில் சிறுநீர் சிவப்பாகப் போனது போன சித்திரையில். பழங்காநத்தத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வெயிலில் நின்று பெயின்ட் அடிக்கிறவர். "ஏ, செவப்பாப் போகுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சூடுதாங்க. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

சனிக்கிழமை நல்லெண்ணெயில் சீரகமும் மிளகும் போட்டுக் காய்ச்சி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துவிட்டேன். இரண்டு நாளில் நின்றுவிட்டது. "கைராசிக்காரிடி நீ" என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். எண்ணெய் தேய்ப்பேன். நிற்கும். தானாக வந்து தானாக நிற்கிற ரத்தம் அது என்று எனக்குத் தெரியாது. வெளியே யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

இந்தச் சித்திரையில் ரத்தம் கட்டி கட்டியாக வந்த பிறகுதான் கே.கே. நகரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூத்திரப்பையில் புற்றுநோய். அந்தப் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்ட வேண்டும் என்றார்கள்.

அவருக்கு முகம் செத்துப்போனது. மகள் போனில் படித்துச் சொன்னதை டாக்டரம்மாவிடம் கேட்டார். "லைட் அடிச்சே சரி பண்றாங்களாம்ல? பைய எடுக்க வேணாமாம்ல?"

"ஆராய்ச்சி நடக்குதுங்கய்யா. கண்ணுக்குத் தெரியாத துகள்கள்ல மருந்த வச்சு உள்ள விடுவாங்க. அது கட்டியில போய்ச் சேந்ததும் லைட் அடிச்சா கட்டி மட்டும் அழியும். ஆனா அது மேலோட்டமா இருக்கிற கட்டிக்குத்தான். உங்களுக்குத் தசைக்குள்ள இறங்கிருச்சு. லைட் அவ்வளவு ஆழம் போகாது. எப்பருந்து ரத்தம் போகுது?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் டாக்டர். ஒரு மாசமா."

என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று சொன்ன பொய். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"ஒரு வருசமாச்சுங்கம்மா. நான்தான் சூடுன்னு சொல்லி எண்ணெய் தேச்சுவிட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முந்தின சனிக்கிழமை அவரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ணெயக் கொண்டா."

"வேணாங்க."

"சூட்டுக்கு இல்ல புள்ள. துளை போட்டதுக்கு அப்புறம் இம்புட்டு எண்ணெய் தேய்க்க விடுவாங்களோ என்னமோ."

காய்ச்சிக் கொண்டுவந்தேன். தலை, தோள், முதுகு என்று தேய்த்து அடிவயிற்றுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தானே தேய்த்துக்கொண்டார்.