சித்தி ஒரு பழைய காரைப் பரிசோதித்த விதம்

என் சித்தி வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களிடம் ஆஸ்பத்திரி அனுப்பும் ஆள். வயது நாற்பத்தெட்டு. குட்டையானவள், வேகமாக நடப்பாள், யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டாள். "சர்க்கரையத் தொடுறதே இல்ல சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், "அப்படியா, நல்லது" என்று சொல்லிக்கொண்டே கை கழுவும் சாக்கில் சமையலறைக்குள் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். வந்து சண்டை போட மாட்டாள். நீல நோட்டை எடுத்து எழுதிக்கொள்வாள்: 'சொல்வது: தொடுவதில்லை. டப்பா: பாதி காலி.'

அந்த நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்புறம் 'நல்லது', வலப்புறம் 'கவனிக்க'. போன வருடம் மழைக்காலத்துக்கு முன், அந்த நோட்டில் மனிதர்களுக்கு நடுவே இரண்டு கார்களுக்கும் பக்கம் ஒதுக்கினாள். இது அந்தக் கதை.

அவள் பார்க்கும் வீடுகளில் பதினொன்று மலைச்சரிவில் இருக்கின்றன. கடைசி மூன்று கிலோமீட்டர் தார் கிடையாது, களிமண். வெயிலில் ஓடு மாதிரி இருக்கும், மழையில் சோப்பு மாதிரி ஆகிவிடும். சித்தியின் சின்னக் காரில் இன்ஜினின் இழுவை முன் சக்கரங்களுக்கு மட்டும்தான். அந்த மேட்டில் முன் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும், கார் நகராது. முந்தைய மழைக்காலத்தில் நான்கு நாள் அப்படி நின்றது. மூன்று நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே ஏறிவிட்டாள். நான்காவது நாள் முடியவில்லை. மேலே மரம் அறுக்கும் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார், ஆறாத கால் புண்ணோடு. அவருக்கு அன்று மாற்ற வேண்டிய கட்டு இரண்டு நாள் கழித்துத்தான் மாறியது. துணி புண்ணோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிரித்த அரைமணி நேரத்தைப் பற்றிச் சித்தி இதுவரை வீட்டில் பேசியதில்லை. சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மேற்பார்வையாளரிடமிருந்து கடிதம் வந்தது. வரும் மழைக்காலத்தில் மலை வழியில் ஒரு நாள் தவறினாலும் அந்த வழி நிறுத்தப்படும், அந்தப் பதினொரு பேரும் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்துகொள்ள வேண்டும் என்று. அவர்களில் ஏழு பேரால் வாசற்படிகூட இறங்க முடியாது. மழைக்கு ஐந்து வாரம் இருந்தது.

நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் கார் வேண்டும். புதிதாக வாங்க வழியில்லை. பழையதுதான், அதிலும் பத்து வருடத்துக்கு மேலானது. அப்படிப்பட்ட கார் சாதாரணப் பழைய காரைவிட ஒருபடி சிக்கலானது. முன்னால் இருக்கும் சிக்கல் எல்லாம் பின்னாலும் இருக்கும். போதாததற்கு நடுவில் ஒரு பெட்டி. முன் சக்கரமும் பின் சக்கரமும் கொஞ்சம் முன்னே பின்னே சுற்ற இடம் கொடுத்து இழுவையைப் பிரித்து அனுப்புவது அந்தப் பெட்டிதான். அது கெட்டால் சரிசெய்யும் செலவுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம்.

சித்தப்பா முடி திருத்துபவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்த எல்லோரும் ஆளுக்கொரு காரைச் சிபாரிசு செய்தார்கள்.

"கழுத்துல கத்தி இருக்கும்போது எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்றார் சித்தப்பா.

"நாலு பேரு நாலு காரு சொல்லியிருக்கானே, அதுல எது நிஜம்?"

"நாலும்தான். அவனவன் காரு அவனவனுக்கு நிஜம்."

சித்தி சிரிக்கவில்லை. அன்றே மெக்கானிக்கிடம் போனாள். அவருக்கு எங்கள் பக்கத்தில் 'தெரியாது' என்றுதான் பெயர். எதைக் கேட்டாலும் முதலில் "தெரியாது" என்பார், பிறகுதான் பார்ப்பார். அதனாலேயே அவரிடம் பாதிப் பேர் போவதில்லை.

"எந்தக் காரு நம்பி வாங்கலாம் தம்பி?"

"தெரியாது சிஸ்டர். காரு பேர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எவன் ஓட்டினான், எப்படி ஓட்டினான், அதுதான். ஒரு வேலை பண்ணுங்க. காலியா ஒரு மைதானம் பாருங்க, தார் போட்டது. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, மெதுவா வட்டம் போடுங்க. வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. பிடிச்சு இழுக்குதா, தவ்வுதா பாருங்க. தவ்வினா நடுப்பெட்டில கோளாறு இருக்கலாம்."

கார் பார்க்க நானும் கூடப் போனேன். முதல் கார் பழைய கார் வியாபாரி ஒருவரிடம் இருந்தது. ஒவ்வொரு காருக்குள்ளும் சென்ட் அடித்து வைப்பார் என்பதால் அவருக்கு 'வாசனை' என்று பெயர். கறுப்புக் கார். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. எனக்கு அதைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நான்கு டயரும் புதிது. இன்ஜினைக்கூடக் கழுவி வைத்திருந்தார்கள்.

"இதுக்கு ஒரு நோயும் கிடையாது சிஸ்டர்" என்றார் வாசனை.

"நோயே இல்லாதவன எதுக்குப்பா இங்க கொண்டு வந்து விட்டாங்க?"

"ஒரே ஓனர். வெளியூர் போறாருன்னு குடுத்துட்டாரு."

சித்தி காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மூன்று பெயர் இருந்தது. "இந்த மூணு பேரும் ஒரே ஆளா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். எப்போது ஆயில் மாற்றியது, என்ன பழுது பார்த்தது என்று எந்தச் சீட்டும் இல்லை. ஆனால் வட்டம் போட்டபோது கார் வெண்ணெய் மாதிரிப் போனது. நோட்டில் இடப்புறம்: 'தவ்வவில்லை. சத்தமில்லை.' வலப்புறம்: 'கழுவிய இன்ஜின். கசிந்திருந்தாலும் தெரியாது. சரித்திரம் இல்லை.'

இரண்டாவது கார் ஒரு பாட்டு டீச்சருடையது. ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். சாம்பல் நிறக் கார், கதவில் இரண்டு இடத்தில் நசுங்கல், ஓடிய தூரம் கறுப்புக் காரைப் போல இரண்டு மடங்கு. உள்ளே உட்காரும் இடம் நாய் கடித்த மாதிரி இருந்தது. நிஜமாகவே நாய் கடித்ததுதான் என்று டீச்சரே சொன்னார். ஆனால் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சீட்டு வைத்திருந்தார். பதினோரு வருடத்துச் சீட்டு. எந்த மாதம் ஆயில், எந்த மாதம் பெல்ட், எல்லாம் தேதி வாரியாக. நடுப்பெட்டிக்கும் தனியாக இரண்டு முறை ஆயில் மாற்றியிருந்தார். சித்தி அந்த டப்பாவின் முன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சிரித்த முகமாக இருந்தாள். யாரையாவது கடைசியில் நம்பிவிட்டால் வரும் முகம் அது.

பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் வாகனம் நிறுத்தும் இடத்தில் வட்டம் போட்டாள். கார் தவ்வியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவது போல. இடது பக்கம் இன்னும் மோசம். ஒடித்துத் திரும்பும்போது கீழேயிருந்து டக் டக் என்று ஒரு சத்தம்.

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "போன மாசம் வரைக்கும் இப்படி இல்லம்மா. சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க டீச்சர்" என்று சித்தி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் அந்த வார்த்தைக்காக இரண்டு முறை உச்சுக்கொட்டிக்கொண்டாள்.

அப்படியானால் கறுப்புக் கார்தான் என்று வீட்டில் முடிவானது. சித்தப்பா நிம்மதியானார். முன்பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனோம். அவர் கார்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நோட்டைக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். படித்தவர் சாம்பல் காரின் பக்கத்தில் விரலை வைத்தார். வலப்புறத்தில் அல்ல, இடப்புறத்தில்.

'நல்லது: முன் டயர் இரண்டும் புத்தம் புதிது.'

"இது நல்லதா சிஸ்டர்?"

"புது டயர் நல்லதில்லாம என்ன?"

"பின்னாடி ரெண்டும்?"

சித்தி யோசித்தாள். "பழசு. நல்லா தேஞ்சிருந்துச்சு."

"சாதாரணக் காருன்னா பரவாயில்ல. இதுல நாலும் ஒண்ணா தேயணும். புது டயரு பெருசு, தேஞ்சது சின்னது. அதே தூரத்துக்குச் சின்னச் சக்கரம் கொஞ்சம் அதிகமா சுத்தணும். நேரா போனாக்கூட முன்னாடியும் பின்னாடியும் ஒத்துப்போகாது. நடுப்பெட்டி ஓயாம மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கும்."

"அப்ப டீச்சர் சொன்னது உண்மைதானா?"

"தெரியாது."

சித்தி நோட்டைத் திரும்ப வாங்கி அந்த வரியைப் பார்த்தாள். வீடு வீடாகச் சமையலறையை நோட்டம் விடுகிறவள், கண்ணெதிரே இருந்ததைப் பார்த்து, எழுதியும் வைத்திருக்கிறாள், தப்பான பக்கத்தில். அவள் மட்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம். டயர் இரண்டு தேய்ந்தால் இரண்டு மாற்றுவது, நான்காக மாற்றுவதை ஊதாரித்தனம் என்பது, எங்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே, "அன்னிக்கு நான் பேசினது தப்பு டீச்சர்" என்றாள். பிறகு ஒரு நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். எப்போது மாற்றியது? மூன்று வாரம் முன்பு. ஏன்? "விக்கப் போற காரு, பார்க்க லட்சணமா இருக்கணும்னு தோணுச்சு. நாலும் மாத்த வசதியில்ல. முன்னாடிதானே எல்லாரும் பார்ப்பாங்க." அதற்குப் பிறகு எவ்வளவு ஓட்டினீர்கள்? கடைத்தெருவுக்கு ஆறேழு தடவை. பழைய டயர்கள் எங்கே? கொட்டகையில், சாக்குப் போட்டு மூடி. எதையுமே தூக்கிப் போடாத மனுஷி.

மெக்கானிக் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி நிறுத்தினார். சித்தி தன் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கால் வீக்கத்தை அளக்கும் டேப். டயரைச் சுற்றிவர அது நீளம் போதவில்லை. அதனால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து டயரில் ஒட்டி, அதைக் குறியாக வைத்து இரண்டு தடவையாக அளந்தாள். முன் டயருக்கும் பின் டயருக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம்.

"ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் மூணு சென்டிமீட்டர்னா நான் டாக்டருக்கு போன் பண்ணியிருப்பேன்" என்றாள்.

புது டயரைக் கழற்றி, பின்னால் இருப்பவற்றோடு ஒன்றாகத் தேய்ந்திருந்த பழையதையே மாட்டினார்கள். மறுபடி பள்ளிக்கூடத்தில் வட்டம். வலது பக்கம் கார் சத்தமில்லாமல் திரும்பியது. டீச்சர் கைதட்டப் போனார். இடது பக்கம் திரும்பியபோது, தவ்வல் இல்லை, டக் டக் இல்லை, ஆனால் ஒரு சின்ன நடுக்கம். குளிருக்கு உடம்பு சிலிர்ப்பது போல, ஒரே ஒரு தடவை.

"இது என்ன?" என்றாள் சித்தி.

"பெட்டி சூடேறி கொஞ்சம் கெட்டிருக்கு. மூணு வாரத்துலயா, முன்னாடியே இருந்ததா, சொல்ல முடியாது."

"எத்தன நாள் தாங்கும்?"

"தெரியாது சிஸ்டர். ஆறு மாசம் தாங்கலாம். ஆறு வருஷம் தாங்கலாம்."

"ஏதாவது ஒண்ண சொல்லேன்ப்பா. இத்தன வருஷம் தொழில் பண்ற." சித்தியின் குரல் உயர்ந்துவிட்டது.  நோயாளிகளின் வீட்டில் 'எப்ப ஆறும், சொல்லுங்க' என்று பிள்ளைகளும் மருமகள்களும் சித்தியிடம் குரல் உயர்த்துவதும் இப்படித்தான். அவளுக்கே அது தோன்றியிருக்க வேண்டும். உடனே குரலைத் தணித்துக்கொண்டு, "சரி. எதைப் பார்த்தா மோசமாகுதுன்னு தெரிஞ்சுக்கலாம்?" என்று கேட்டாள்.

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வலது பக்கமும் நடுங்க ஆரம்பித்தால் வர வேண்டும். நேராகப் போகும்போது முனகினால் உடனே வர வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டிக்கு ஆயில். டயர் என்றால் எப்போதும் நான்கு. சித்தி எல்லாவற்றையும் வலப்புறத்தில் எழுதினாள்.

சித்தப்பாவுக்கு ஏற்கவில்லை. "நடுங்காத காரு ஒண்ணு கறுப்பா நிக்குது. நடுங்குற காருதான் வேணும்னு நிக்கிறியே."

"அதுக்கு என்ன கோளாறு வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஒண்ணும் வராதுன்னுதான் சொல்றான்."

"அத சொன்னது வாசனை. இதுக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியும். எங்க வரும்னு தெரியும். எப்பன்னு மட்டும்தான் தெரியாது. மலைல நான் பார்க்கிற பதினொரு பேரும் அப்படித்தான் இருக்காங்க."

சாம்பல் கார் வீட்டுக்கு வந்தது. டீச்சரின் புது டயர் இரண்டோடு அதே மாதிரி இன்னும் இரண்டு வாங்கி, நான்கையும் ஒன்றாக மாட்டினார்கள். அது சரியான முடிவுதானா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கறுப்புக் காரும் இந்நேரம் வரை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். அதை வாங்கிய ஆள் யார் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டும் பார்க்கவில்லை. பழைய காரில் நம்பிக்கை என்பது கோளாறு இல்லாமல் இருப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. அன்று மலை வழி, நானும் கூட இருந்தேன். தார் முடியும் இடத்தில் சித்தி காரை நிறுத்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மேட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஏற்றினாள். முந்தைய மழைக்காலத்தில் நின்ற வளைவில் முன் சக்கரங்கள் வழுக்கிச் சுற்றின. சேறு கண்ணாடி வரை அடித்தது. அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளியது போல ஒரு அசைவு, கார் வளைவைக் கடந்தது. சித்தி கண்ணாடியில் இருந்த சேற்றை வைப்பரால் துடைத்துவிட்டாள். 

மரம் அறுப்பவரின் வீட்டு முன்னால் இடம் குறைவு. முழுதாக ஒடித்து இடது பக்கம்தான் திருப்ப வேண்டும். அவர் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி குடையைக்கூட விரிக்காமல் பையோடு உள்ளே நுழைந்தாள்.

"புதுக் காரா சிஸ்டர்?"

"பழசு."

"திரும்பும்போது நடுங்குச்சே."

"தெரியும். இடது பக்கம் மட்டும்தான்" என்றாள் சித்தி, கையுறையை மாட்டிக்கொண்டே. "காலக் காட்டுங்க."